எடைக்கல்

காற்றாலைக் காட்டில் பாதை என்று எவரும் போட்டதில்லை.
கிரேன் போன தடமும் ஆடு போன தடமும்
சேருகிற இடத்தில் நான் போவேன்.
பழவூர்ப் பக்கம் நாற்பத்தியொரு தூண்.
ஆனி பிறந்தபின் ஒன்று சுற்றாமல் நின்றாலும்
எத்தனை யூனிட் போச்சு என்று
சென்னையிலிருந்து போன் வரும்.

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில் முதுகைப் படம் எடுத்தார்கள்.
நாலாவது எலும்புக்கும் ஐந்தாவதுக்கும் நடுவே
மெத்தை தேய்ந்திருக்கிறதாம்.
பைக்கைத் தொடாதீங்க என்றார் டாக்டர்.
தூண் ஏறுகிறவன் என்பதை
நான் அவரிடம் சொல்லவில்லை.

பணகுடியில் மைதீன்பிச்சை
என் ஸ்ப்ளெண்டரின் பின்பக்கத்தை அமுக்கி விட்டான்.
அது மனசில்லாமல் எழும்பியது.
"ஷாக்குல எண்ணெய் செத்து ரெண்டு வருசமாச்சு.
ஒம்ம முதுகுக்கு ஸ்பேர் கெடையாது வே.
இதுக்கு உண்டு."

அதே கம்பெனிச் சாமான் வேண்டாம் என்றது நான்தான்.
பேட்டை பழைய இரும்புக்கடையில்
லாரி அடித்த புல்லட் ஒன்று கிடந்தது.
முன்பக்கம் என்று ஒன்று இல்லை.
பின்பக்கத்துக்குச் சேதியே தெரியவில்லை,
பளபளவென்று இருந்தது.
ஜோடி ஆயிரத்து எண்ணூறு.
ஓட்டியவனைப் பற்றி நான் கேட்கவில்லை.
கடைக்காரரும் சொல்லவில்லை.

பொருந்தவில்லை.
மேல் கண்ணில் ஓட்டை பெரிசு, கீழே அகலம் பத்தாது.
லேத்துப் பட்டறை வேலாண்டி பித்தளையில் புஷ் கடைந்தார்.
"காலுக்குத் தக்கன செருப்பு தச்சவனப் பாத்திருக்கேன்,
செருப்புக்குத் தக்கனக் காலு
இன்னைக்குத்தான் கடையுதேன்."

மாட்டியதும் வண்டி ஒன்றரை அங்குலம் வளர்ந்தது.
ஸ்டாண்டு எட்டவில்லை,
டீக்கடைச் சுவரில் சாத்த வேண்டியதாயிற்று.
குழாய்த் துண்டு வெட்டி வைத்து வெல்டிங்.
செயின் கவர் உரச, சுத்தியலால் ஒரு தட்டு.
ஹெட்லைட் தலை குனிந்து
முன்சக்கரத்தை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தது.
அதையும் நிமிர்த்தினோம்.
என் கால் தரையில் முழுசாய்ப் படவில்லை.
அதற்கு வைக்க மைதீன்பிச்சையிடம் துண்டு இல்லை.

மறுநாள் பழவூர்த் தடத்தில்
முதல் ஓடைக்கல்லிலேயே என்னைத் தூக்கி எறிந்தது.
பழையது நோகடித்தது. இது உதைத்தது.
மைதீன்பிச்சை சிரித்தான்:
"புல்லட்டு கனத்துக்குச் செஞ்ச ஸ்பிரிங்கு.
நீரு அம்பத்தெட்டு கிலோ.
அது ஒம்மள ஒரு ஆளாவே மதிக்கல வே."

இருபது லிட்டர் கியர் ஆயில் கேனைப்
பின்னால் கட்டிப் பார்த்தேன்.
கனம் சரிதான்.
வளைவில் கேன் நம்மோடு சாயாது.

ஜெபக்கனிக்குக் காவல்கிணறு ரேசன் கடையில் வேலை.
நாலு வருசமாய் எட்டுப் பத்து பஸ்தான்.
ஒம்ம வண்டியில உக்காந்தா பல்லு ஆடுது என்பாள்.
பஸ் வராத செவ்வாய்க்கிழமை
வேறு வழியில்லாமல் ஏறினாள்.
வண்டி இறங்கி, ஒரு மூச்சு விட்டு, உட்கார்ந்தது.
ரயில்வே கேட் பள்ளத்தை
எப்போது தாண்டினோம் என்று தெரியவில்லை.
எனக்கு வலிக்கவில்லை என்பதே
கொஞ்ச தூரம் போன பிறகுதான் உறைத்தது.

ராத்திரி சொன்னேன், தினமும் வா என்று.
காரணத்தையும் சேர்த்துச் சொன்னது என் தப்பு.
"அப்ப நான் என்ன எடைக்கல்லா?" என்றாள்.
இட்லி மாவை மூடி வைக்கும் சத்தத்தில்
மிச்சம் இருந்தது.

புதன் பஸ்ஸில் போனாள். வியாழனும்.
வெள்ளி காலை
டிபன் வாளியோடு வண்டிப் பக்கம் வந்து நின்றாள்.
"நேத்து கோதுமைத் தராசுல ஏறிப் பாத்தேன்.
அறுபத்திரெண்டு.
ஒம்ம ஸ்பிரிங்குக்குப் போதுமா?"

நல்ல ரோடு காவல்கிணறோடு முடிகிறது.
கெட்ட ரோடு அவள் இறங்கிய பிறகுதான் ஆரம்பம்.
இந்தக் கணக்கை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.
அவள் இறங்குகிறாள்,
வண்டி ஒரு விரல்கடை உயர்கிறது,
என் கால் தரையை விடுகிறது.
தூரத்தில் காற்றாலைகள்
எல்லாம் சுற்றிக்கொண்டிருக்கின்றன,
பதினேழாம் நம்பர் தவிர.