பிழை திருத்தம்

கொடுங்கையூரில்
குப்பைமேட்டுப் பக்கமிருந்து காற்று திரும்பினால்
கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிடுவேன்.
அந்தப் பதினான்கு நாளும்
இறக்க நேரமில்லை.
பெண்களுக்கு ஒதுக்கிய வார்டு.
வந்ததெல்லாம் ஆண்கள்.

பூபாலன் வந்தார்,
மனைவி திலகவதியின் பாஸ்போர்ட் சைஸ் படம் ஒன்றோடும்
தன்னுடைய ஸ்டுடியோ படங்கள் ஆறோடும்.
"என் மூஞ்சி இன்னும் கொஞ்சம் பெரிசா வரட்டும்மா,
யார் நிக்கிறாங்கன்னு ஜனத்துக்குத் தெரிய வேணாமா?"
பெரிதாக்கினேன்.
திலகவதி ஓரத்துக்கு நகர்ந்து
ஒரு காதை இழந்தார்.

குமுதவல்லிக்காக அவர் மைத்துனர்.
ரெஜினாவுக்காக அவர் அப்பா,
கூடவே நாலு பேர், நாலு டீ, என் கணக்கில்.
வாக்குறுதி என்ன போட என்றால்
எல்லாருக்கும் ஒரே பதில்:
"போன தடவை அடிச்சது இருக்கும்ல, அதையே போடு."
இருந்தது.
சாலை, சாக்கடை, தெருவிளக்கு, குடிநீர்.
பெயரை அழித்துப் பெயர் அடித்தேன்,
சின்னத்தை எடுத்துச் சின்னம் ஒட்டினேன்.
சிவப்பு மை மட்டும் சீக்கிரம் தீர்ந்தது.

அஞ்சலாட்சி தானே வந்தாள்.
ஸ்கூல் வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வேலை,
மேலே போட்ட நீலக் கோட்டைக் கழற்றவில்லை.
சுயேச்சை. தண்ணீர்க் குழாய் சின்னம்.
"எங்க தெருக் குழாய் மாதிரியே போடு,
சொட்டு வரக் கூடாது" என்று சிரித்தாள்.
கறுப்பு வெள்ளை, ஒரு பக்கம், இருநூறு காப்பி.
டைரியில் கிழித்த தாளில் ஒரே ஒரு வரி:
'ஏழாவது குறுக்குத் தெரு, இஸ்திரி வண்டிக்கு எதிரே,
பாதாளச் சாக்கடைக்கு மூடி போடப்படும்.'
வேற? என்றேன்.
"வேற எதுவும் என்னால ஆவாது.
இதுவே கேட்டு, சண்டை போட்டுத்தான் வாங்கணும்."

அந்தக் குழியில்
யாரோ ஒரு வேப்பங்கிளையைச் செருகி
சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள்.
மழை நின்ற பிறகும்
கிளை மட்டும்தான் தெரியும்.
அது நடுத்தெருவில் முளைத்ததென்று
ஒரு பிள்ளை படம் வரைந்ததாம்.

நாற்பத்து மூன்று ஓட்டு.
டெபாசிட் போனது.
"வூட்ல ஆறு. வேன் பிள்ளைங்களோட அம்மாங்க முப்பத்தாறு.
மிச்சம் ஒண்ணு யாருன்னுதான் தெர்ல" என்றாள்.
நான் பிரிண்டரில் பேப்பர் வைத்தேன்.

மூன்று வாரம் கழித்து பூபாலன் வந்தார்,
ஜெயித்த வேட்டியோடு, கையில்
தன் நோட்டீஸோடு.
பேனாவால் வட்டம் போட்ட ஒன்பதாவது வரி:
ஏழாவது குறுக்குத் தெரு. இஸ்திரி வண்டிக்கு எதிரே.
"இது எப்படிம்மா வந்துச்சு?"
இருபதாயிரம் காப்பி.
அவர் படிக்கவில்லை, கொடுத்தவர்கள் படிக்கவில்லை,
வாங்கியவர்கள் மடித்துப் பொட்டலம் கட்டினார்கள்.
இஸ்திரி சிங்காரம் மட்டும்
கரி கனியும்வரை
எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டார்.
அதை எடுத்துக்கொண்டு வார்டு ஆபீஸ் போன அன்று
பூபாலன் ஏதோ கல்யாணத்தில்.
நாற்காலியில் திலகவதி.
வாங்கிப் பார்த்தாராம், இரண்டு முறை.
"நான்தானே சொல்லியிருக்கேன்" என்று
மனுவில் கையெழுத்துப் போட்டாராம்.
அதுவரை
அவர் கையெழுத்தை அவரே போட்டதில்லையாம்.

"ராத்திரி ரெண்டு மணி அண்ணே," என்றேன்.
"காப்பி பேஸ்ட்டுல ஒட்டிக்கிச்சு. பிழைதான்."
பத்து நிமிஷம் திட்டினார்.
அந்த நேரத்தில் ஒரு மொட்டை அடிக்கும் விழாவுக்கு
பத்திரிகை முடித்துவிட்டேன்.

இப்போது காலை எட்டு ஐந்துக்கு
புது மூடிமேல் வேன் ஏறும் சத்தம்
கடைவரை கேட்கிறது. முன்சக்கரம் ஒன்று,
பின்சக்கரம் ஒன்று.

நேற்று நன்றி போஸ்டர் அடிக்க ஆள் வந்தது.
தலை தூக்காமல்
"படம் கொண்டாந்தீங்களா அண்ணே?" என்றேன்.
"அண்ணன் வரல" என்றது ஒரு பெண் குரல்.
மேஜைமேல் ஒரே ஒரு படத்தை வைத்தார்.
"இதுல
ரெண்டு காதும் இருக்கட்டும்மா."