உட்புறம் வெளியே

பால்மாப் பெட்டியை
அவசரமாகப் பிரித்தால் கிழிந்துவிடும்.
கேத்தலின் ஆவியில் ஒரு நிமிடம் காட்டினால்
பசை இளகித் தானாக வாய் திறக்கும்.
நஸ்மியா சொல்லித்தந்தாள்.
உனக்கு யார் சொன்னது என்று கேட்கவில்லை;
யாரோவின் கடிதத்தில் பழகியிருப்பாள்.

கொட்டாஞ்சேனை, நான்காம் மாடி.
லிப்ட் ஓடாத டிசம்பர்.
ஒளிவிழாவுக்கு முப்பத்தொரு பிள்ளைகள்.
புறக்கோட்டையில் வெறும் பெட்டி ஒன்று
தொண்ணூறு ரூபாய் என்றார்கள்,
ரிபன் தனி.
ரிபனைத் தொட்டுப் பார்த்துவிட்டு
நூற்றிரண்டாம் பஸ்ஸில் ஏறினோம்.

அந்த வருடம் யாரும் எதையும் எறியவில்லை.
குசினி அலுமாரிகளின் பின்னாலிருந்து வந்தன
தேயிலைப் பெட்டிகள், சூப் கட்டிப் பெட்டிகள்,
வண்டு இன்னும் குடியிருக்கும் சோளமாப் பெட்டி.
பேர்ள் அன்ரி படியில் நின்று
"குப்பையிலயா பிள்ளையளுக்குக் குடுக்கப்போறீங்க?" என்றா.
விளக்கு வைக்கும் நேரம் அவவின் மகன்
பதினொரு பிஸ்கட் பெட்டியை வாசலில் வைத்துவிட்டு
பேசாமல் இறங்கிப் போனான்.

வேலை லேசு.
பிரி, தட்டையாக்கு, திருப்பு, மடி.
பசுவும் பச்சை மலையும் உள்ளே போகும்,
சாம்பல் அட்டை வெளியே வரும்.
உருளைக்கிழங்கில் நட்சத்திரம் வெட்டி
சிவப்பு மையில் தோய்த்துக் குத்தினோம்.
ஐந்து முனை எதற்கும் சரியாய் வரவில்லை.
ஒன்று ஆமை மாதிரி இருந்தது.
அதை நானே எடுத்துக்கொள்கிறேன் என்றாள் நஸ்மியா,
பெருநாளுக்கு ஆகும்.

அவள் வீட்டுப் பெட்டியைத் திருப்பும்போதுதான்
மூலையில் கண்டேன், என் ஸ்டிக்கரை.
நான் ஒட்டினால் எப்போதும்
இடப்பக்கம் கொஞ்சம் சரியும்.

மார்ச் மாதம்.
சுப்பர்மார்க்கெட்டின் பின்னறை, டோர்ச் வெளிச்சம்.
புது விலை அறிவித்த இரவே
பழைய சரக்கு முழுவதற்கும்
கையில் விலைத்துப்பாக்கி தந்தார் மனேஜர்.
டக், டக்.
நானூற்று எண்பதின் மேல்
எழுநூற்றுத் தொண்ணூறு.
விடிய, ஷட்டருக்கு வெளியே வரிசை.
அதில் பத்தாவதோ பதினோராவதோ ஆளாய்
இடுப்பில் பிள்ளையோடு இவள்.
மிச்சச் சில்லறையை எண்ணிக் கொடுத்ததும் நான்தான்.

பெட்டியை வேகமாய் மடித்தேன்.
விலை உள்ளே போயிற்று.
மேலே நட்சத்திரம் குத்தினேன், இரண்டு தரம்.

ஒளிவிழா அன்று மொட்டைமாடியில்
பாதிப் பாட்டில் கரண்ட் போனது.
இருட்டில் முப்பத்தொரு பெட்டிகள் திறந்தன:
ஒரு துண்டு கேக், இரண்டு டொபி, ஒரு பலூன்.
கேக்கில் சூப் வாசம் என்றான் ஷெவோன்.
எறும்பு என்றது இன்னொரு குரல்.
கைபேசி வெளிச்சத்தில் றெமோனா
பெட்டிக்குள் நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.
"அன்ரி, இங்க பாருங்க,
விலைக்குக் கீழ இன்னொரு விலை!"

உடனே எல்லோரும் சுரண்டினார்கள்.
உரித்த விலைகளை நெற்றியில் ஒட்டினார்கள்,
மூக்கில், பலூனில்,
நத்தார் தாத்தாவின் பஞ்சுத் தாடியில்.
ஆயிரத்து நூற்று அறுபது ரூபாய் டெறிக்
தொண்ணூறு ரூபாய்த் தங்கச்சியைத்
துரத்திக்கொண்டு ஓடினான்.

நஸ்மியா என் பக்கம் பார்க்கவில்லை.
றெமோனாவின் பெட்டியை வாங்கி
வெளிச்சத்தில் சரித்துப் பிடித்தாள்.
"கோணலா ஒட்டினா
ஒரு மூலை தூக்கிக்கொண்டு நிக்கும்,
உரிக்க லேசு," என்றாள்.
பிறகு,
"அண்டைக்கே உரிச்சுப் பாத்திட்டன்."

தன் கேக்கைப் பிய்த்து
பெரிய துண்டை என்னிடம் நீட்டினாள்.
சூப் வாசம்தான்.
முழுவதையும் தின்றேன்.