கூரைக்கும் மச்சுக்கும் நடுவில்

கிர்காவ் பங்களா. ஓட்டுக்கும் தேக்கு மச்சுக்கும் நடுவே
முழங்காலில் நகர்ந்துதான் ஒயர் இழுக்கவேண்டும்.
வாயில் டார்ச்.
மூக்கில் நூறு வருஷத்து எலிப்புழுக்கை.

கீழே, கூடத்துச் சுவரில்
வட்டம், வட்டத்துக்குள் முக்கோணம்,
தன் வாலைத் தானே விழுங்கும் பாம்பு.
எங்கள் ஊர்ச் சுடலைமாடன் பீடத்தில்
இத்தனை கணக்கு இல்லை.

டிரஸ்டி தெஹ்மினா காலையில் டீ கொடுத்துச் சொன்னாள்:
சபை தொடங்கியவர்கள் கப்பலில் வந்தவர்கள்.
லண்டனில் மேசை தட்டிச் செத்தவர்களோடு பேசினார்கள்.
செத்தவர்களுக்கும் பேச்சு தீர்ந்தபோது
எகிப்தைக் கேட்டார்கள்.
அது கல்லாகவே இருந்தது.
அப்புறம்தான் இமயமலை.
அங்கே குருமார் உண்டு, கடிதம் போடுவார்கள்,
தபால்தலை ஒட்டாமல்,
அந்தரத்திலிருந்து.

பார்சியும் பட்டரும் முசல்மானும்
இந்தக் கூடத்தில் ஒரே கூஜாத் தண்ணீர் குடித்தார்களாம்.
அந்தக் காலத்தில் அது சின்ன விஷயமா என்றாள்.
இல்லைதான்.

மூன்றாவது உத்தரத்தருகே கை நின்றது.
சாண் நீளத்துக்கு ஒரு பிளவு.
வெடிப்பு என்றால் கோணலாக ஓடும்,
இது உளி போன நேர்க்கோடு.
ஓரமெல்லாம் வழுவழுவென்று
உண்டியல் வாய் மாதிரி.
உண்டியலில் நாம் போடுவோம்.
இதில் சாமி போட்டிருக்கிறது.

பக்கத்தில் மடித்த கோணி, அதில் இரண்டு குழி.
என் முழங்கால்கள் அளவெடுத்தாற்போல் இறங்கின.
உத்தரத்தில் கரிக்கோடு, அஞ்சஞ்சாக.
கூலிக் கணக்கு.
நானும் அப்படித்தான் எழுதுவேன்,
சுவிட்ச் போர்டுக்குப் பின்னால்.

யார் நீ? கொங்கணத்தானா, தெலுங்கனா,
எங்கள் பக்கத்து ஆளா?
இருமலை விழுங்கிக்கொண்டு கிடந்து
கீழே மணி மூன்று அடித்ததும்
ஞானத்தைத் தள்ளிவிட்டு
அணாக் கணக்கில் வாங்கினவனே,
உனக்கு அந்தக் கூஜாவிலிருந்து
யாராவது தண்ணீர் தந்தார்களா?

கோணிக்கு அடியில் ஒரு கடிதம். விழாமல் போனது.
நீலப் பென்சில். எதுல்ஜி என்று பெயர்.
எனக்கு இங்கிலீஷ் எழுத்துக்கூட்டித்தான் வரும்.
பூச்சி தின்றது போக மிச்சம் இவ்வளவு:
உன் மகள் எங்கே என்று கேட்டாய்.
கேள்வி வந்து சேர்ந்தது.
பதில் வந்துகொண்டிருக்கிறது.

அவ்வளவுதான்.
அந்த மனுஷன் எத்தனை வியாழக்கிழமை
கழுத்து வலிக்க அண்ணாந்திருந்தானோ.

என் மகள் மாரிச்செல்வி தாராவியில் இருக்கிறாள்.
போனில் ஒரு வெள்ளைக்காரன் அவளுக்கு
மூலாதாரம் சிவப்பு, நெற்றி கருநீலம் என்று
சக்கரத்துக்கு வண்ணம் அடித்துக் காட்டுகிறான்.
மூன்றாம் கண் திறக்க நானூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய்.
நான் திட்டவில்லை.
பஞ்சு ஏற்றித் துணி இறக்கிய துறைமுகம் இது.
நம் பருத்திதானே என்றாலும்
விலை கொடுத்துத்தான் உடுத்தினார்கள்.

கீழே செருப்புச் சத்தம்.
யோகா ஸ்டுடியோவுக்குக் கூடத்தை விற்குமுன்
தெஹ்மினா கடைசியாக நாற்காலி எண்ணுகிறாள்.
ஏக், தோ, தீன்.

கடிதத்தைப் பிளவில் வைத்தேன்.
ஏன் என்று கேட்டால் தெரியாது.
தள்ளினேன்.

தாள் சுழன்று சுழன்று
மின்விசிறி இல்லாத காற்றில் இறங்கிற்று.
எண்ணிக்கை நின்றது.
அவள் அண்ணாந்து பார்த்தாள்.
அறுபது வயது முகம்,
பிளவு வழியே, ஏழு வயதாய்.

மூச்சைப் பிடித்தேன்.
அந்த ஒரு கணம் நான் இமயத்தில் இருந்தேன்.

பிறகு தும்மிவிட்டேன்.