விட்டால் இறங்கும்

விட்டால் இறங்கிவிடும்.
அரைவாசிக்குத் தள்ளி வைத்தால்
பேத்தாழைப் பக்கத்துத் தென்னைகளை எண்ணி முடிக்குமுன்
லீவர்
களவெடுக்க வந்தவன் காலடிபோல
பின்னுக்கு வந்துவிடும்.
எஞ்சின் குரல் தணிந்து, டுக் டுக் என்று
நின்ற இடத்திலேயே நிற்கும் பாய்ப்படகு.

சித்திரையிலிருந்து இப்படித்தான்.
படகு எனக்கும் ரிபாய்தீனுக்கும் பாதிப் பாதி.
அவர் சுக்கானைப் பிடித்தால் நான் லீவரைப் பிடிப்பேன்.
நான் பாய்க் கயிற்றுக்குப் போனால்
அவர் வலது காற் பெருவிரலை அதற்கு முட்டுக் கொடுத்து
ஒற்றைக் காலில் நிற்பார்.
பாசிக்குடாவில் ஏறிய வெள்ளைக்காரி
இது என்ன யோகாவா என்று கேட்டாள்.
ஓம் என்றார்.

சைக்கிள் ரியூப் கீலத்தால் கட்டிப் பார்த்தோம்.
லீவருக்குள் இருக்கிற நட்டை முடுக்கிப் பார்த்தோம்.
முடுக்கினால் இரண்டு நாள் நிற்கும்,
மூன்றாம் நாள் இறங்கும்.
செருப்புத் தோலில் வாஷர் வெட்டிப் போட்டோம்.
கடைசியில் தள்ளுவதற்கு எனக்கு இரண்டு கை வேண்டியிருந்தது.
இறங்குவதற்கு அதற்கு ஒருத்தரும் வேண்டியிருக்கவில்லை.

படகை விற்றவனைத் திட்டினேன்.
மறுகா ஒருநாள் ரிபாய்தீனைப் பார்த்து
உங்கட கையில கிறீஸ், அதுதான் வழுக்குது என்றேன்.
அவர் ஒன்றும் பேசவில்லை.
அடுத்த நாள் ஒரு சவர்க்காரம் வாங்கி வந்து
படகில் வைத்தார்.

போன செவ்வாய் கச்சான் நல்ல உறைப்பு.
ஆற்று வாய்க்குள் காற்றை முகத்தில் வாங்கியபடி
பாயில் வளைந்து வளைந்து ஏற இடமில்லை.
பாயை இறக்கிவிட்டு எஞ்சினை நம்பி வருகிறோம்.
நான் முன்னணியத்தில், கை நிறையப் பாய்.
ரிபாய்தீன் தும்மினார்.

அவ்வளவுதான்.
விரல் விலகியது.
கச்சான் நெஞ்சில் கைவைத்து எங்களைத் தள்ளியது
கல்லணைப் பக்கம்.
படகில் ஏழு பேர்,
அதில் ஒரு குழந்தை ஐஸ்பழம் சூப்பிக்கொண்டிருந்தது.
பாயை விட்டுவிட்டு ஓடிவந்து
லீவரின்மேல் விழுந்தேன், முழங்கையால்.
கல்லுக்கும் எங்களுக்கும் இரண்டு பாகம்.
குழந்தை ஐஸ்பழத்தை முடித்துவிட்டுக்
குச்சியை எங்கே போடுவதென்று கேட்டது.

பின்னேரம் வாழைச்சேனைத் துறைமுகத்தில் கட்டிப்போட்டு
எஞ்சின் மூடியைக் கழற்றித்
தலையை உள்ளே விட்டேன்.
இந்தமுறை லீவரைத் தொடவில்லை.
கேபிளைத் தடவிக்கொண்டு போனேன்,
கரண்ட் இல்லாத வீட்டில் சுவரைத் தடவுவதுபோல,
அது போய் முடிகிற இடம்வரைக்கும்.
அங்கே பம்பின் கையை இழுத்துப் பிடித்தபடி
ஒரு ஸ்பிரிங்.
கறுப்பு. தடிப்பு.
மோட்டார் சைக்கிள் ஸ்டாண்டைத் தூக்கி வைத்திருக்கிற சாதி.

எனக்கு அந்த ஸ்பிரிங்கைத் தெரியும்.
வருசப் பிறப்புக்கு முந்தின நாள்,
பழையது தொய்ந்து எஞ்சின் இரைச்சல் இறங்க மறுத்தபோது,
கடையெல்லாம் பூட்டியிருக்கிறதென்று
தம்பியின் சைக்கிளிலிருந்து கழற்றி
நானே மாட்டியது.
நல்ல பலம் என்று அன்றைக்கு மெச்சிக்கொண்டேன்.
இந்த நுனியில் நான் கட்டிவிட்டதோடு
அந்த நுனியில் மூன்று மாதமாய்
இரண்டு பேர் மல்லுக்கட்டியிருக்கிறோம்.

பழையது பிஸ்கற் ரின்னுக்குள் கிடந்தது,
துருப்பிடித்த ஆணிகளோடும் ஒரு செத்த பல்லியோடும்.
இரண்டு சுற்றை வெட்டி எறிந்தேன்.
நுனியைக் குறட்டால் வளைத்துக் கொளுக்கியாக்கி மாட்டினேன்.
லீவரின் நட்டை ஒள்ளுப்பம் தளர்த்தினேன்.

அரைவாசி.
கையை எடுத்தேன்.
நூறுவரை எண்ணினேன். நம்பாமல் இன்னொரு நூறு.
படகு
கட்டியிருந்த கயிற்றை விறைக்க இழுத்துக்கொண்டு
நின்றது.

ரிபாய்தீன் மஃரிப் தொழுதுவிட்டு வந்தார்.
லீவரைப் பார்த்தார்.
என் மடியில் கிடந்த கறுப்பைப் பார்த்தார்.
"என்ன புள்ள இது?"
சொன்னேன், சித்திரையிலிருந்து, ஒன்றும் விடாமல்.

அவர் சிரிக்கவில்லை.
குனிந்து ஆசனத்தின் கீழிருந்து
சவர்க்காரத்தை எடுத்து
என் கையில் தந்தார்.

உறை இன்னும் பிரிபடாமல் இருந்தது.