நாலாவது சாவி

வாடகை இருபத்தெட்டாயிரம், நாலாகப் பிரித்தால் ஏழு.
முற்பணம் மூன்று மாதத்துக்கு.
கிருபாகரன் அண்ணை மோட்டர் சுவிட்சைக் காட்டினார்,
தாங்கி நிரம்பினால் வழியும், ஓடிப்போய் நிற்பாட்டுங்கோ என்றார்,
பிறகு சட்டைப் பையிலிருந்து இரண்டு சாவி எடுத்தார்.

நாங்கள் நாலு பேர்.

சாவி என்று சொன்னது நான் மட்டும்தான், மஸ்கெலியாக்காரி.
யதுர என்றாள் குளியாப்பிட்டி இமேஷா.
சம்மாந்துறை ஷிப்லாவும் பேசாலை மெடோனாவும்
திறப்பு, திறப்பு என்று சிரித்தார்கள்.
டிப்போச் சந்திக் கடைக்காரனுக்கு எந்தச் சொல்லும் தேவைப்படவில்லை.
மெசினில் வைத்து அராவி
சூடு ஆறாத இரண்டைத் தந்தான்.
அதில் ஒன்று வேலை செய்யாதென்று
அன்றைக்கே அவனுக்குத் தெரிந்திருக்கலாம்.

முதல் கிழமை சவர்க்காரம் நுரைக்கவில்லை.
கேத்தலின் அடியில் வெள்ளையாய் ஓடு கட்டியது.
இருபத்தொரு வருசம் கம்பளிக்குள் தூங்கியவள்
கிளிநொச்சிச் சீமெந்து நிலத்தில் தண்ணீர் தெளித்துப் படுத்தேன்.
பிரிட்ஜின் மேல்தட்டு ஷிப்லாவுக்கு.
மெடோனாவின் கருவாடு அதற்குள் வராது.
இதெல்லாம் எழுதாத சட்டம்.
எழுதியது ஒன்றே ஒன்று, கதவுக்குப் பின்னால்,
இமேஷாவின் வட்ட வட்டத் தமிழில்:
கடசியா வாறவ கேற் பூட்டு.
ஒரு எழுத்தையும் நாங்கள் திருத்தவில்லை.

கெட்ட சாவி கை மாறி மாறிப் போய்
கடைசியில் என்னிடம் தங்கியது.
எப்படியென்று சொல்லமாட்டேன்,
சொன்னால் மெடோனா இன்னொருதரம் சண்டைக்கு வருவாள்.
லாப் முடிந்து, பஸ்ஸை விட்டு, நடந்து வந்து
படியில் நுளம்போடு குந்தியிருந்த மாலைகள் எத்தனை.
ஒருநாள் கை பழகிவிட்டது:
கதவை முதலில் உன் பக்கம் இழு,
சாவியைப் பாதிக்கு மட்டும் விடு,
இடப்பக்கம் ஒரு மயிரிழை,
பிறகு முழங்காலால் ஒரு தட்டு.

வீட்டுக்காரி யோகமலர் அன்ரி ஸ்காபரோவில்.
ஞாயிறு காலையில் வீடியோவில் வருவா.
ஜாம் மரத்தைக் காட்டு.
மேல் அறை பானைப் போடு.
குழாயைத் திற, சத்தம் கேட்கட்டும்.
பழைய வீட்டின் அத்திவாரத்தில்
பதினொரு வருசம் காசு அனுப்பிக் கட்டியது.
ஒரு இரவுகூட இதில் அவ படுத்ததில்லை.
குழாயடியில் போனை நீட்டிக்கொண்டு நிற்பேன்.
போதும், பூட்டு, தண்ணி வீணாப் போகுது என்பா.

மாரி வந்தது.
இரணைமடுவில் வான்கதவு திறந்தாயிற்று என்று
ஆட்டோவில் ஒலிபெருக்கி கட்டிச் சொல்லிப் போனார்கள்.
எங்கள் கதவும் ஊதியது.
நல்ல சாவி மூன்றும் ஒரே நாளில் கெட்டன,
என் முழங்காலுக்கு மதிப்பு வந்தது.
விரிவுரை நடுவில் போன் அதிரும்:
எங்க நிக்கிறாய், வந்து திற.

சோதனைக் காலம், விடியப்புறம் மூன்றரை.
வான் ஒன்று ஒழுங்கைக்குள் திரும்பியது.
சேற்றில் உருளாத சூட்கேஸ் சில்லு இழுபடும் சத்தம்.
பூட்டுக்குள் யாரோ கிண்டினார்கள்,
நிறுத்தினார்கள்,
திரும்பவும் கிண்டினார்கள்.
இமேஷா தும்புத்தடியைத் தூக்கிவிட்டாள்.

மூச்சு வாங்கிக்கொண்டு ஒரு குரல், ஞாயிறுகளின் குரல்:
சொல்லாமத்தான் வந்தனான் பிள்ளையள்.
இது கதவோட வந்த திறப்பு, என்ர திறப்பு.
ஏன் திறக்குதில்லை?

கொண்டியைக் கழற்றினேன்.
உள்குமிழைத் திருப்பினால் போதும்.
திருப்பவில்லை.
கதவில் வாயை வைத்துச் சொன்னேன்:
அன்ரி, முதல்ல உங்கட பக்கம் இழுங்கோ.
(எப்போது ஒட்டியது என் நாக்கில் அந்த ஓகாரம்?)
பாதிக்கு மட்டும் விடுங்கோ.
இடப்பக்கம்.
இல்லை, அது கூடிப்போச்சு. அதிலயும் கொஞ்சம்.
இனி முழங்காலால ஒரு தட்டு.
நோகுமா?

நோகும் பிள்ளை என்றா.
தட்டினா.