திருத்தம்: மலை சேர்க்கப்பட்டது

கணவாய் மூடி ஆறாம் நாள்.
உஸ்பஷாதாவில், சுங்கச் சாவடி முற்றத்தில்,
சங்கிலி கட்டிய டயர்களோடு நிற்கிறது எவரிஸ்தோவின் பேருந்து.
பயணிகளை மெண்டோசாவுக்கே திருப்பி அனுப்பியாயிற்று.
அவர் மட்டும் ஓட்டுநர் இருக்கையில்
மடிக்கணினியை விரித்து
அதே மலையை முப்பத்தேழாயிரம் அடியில்
தாண்டிக்கொண்டிருக்கிறார்,
நூற்று எண்பது இருக்கைகளோடு, ஒருவருமில்லாமல்.

அந்த விமானத்தின் மூளை நான் எழுதியது.
சமையலறை மேசையில்,
சம்பளமில்லாமல், மூன்று குளிர்காலமாக.

அது செய்வது இவ்வளவுதான்:
தரையிலுள்ள நிலையங்களில் இரண்டைப் பொறுக்கி
யாரும் சொல்லாமலே அலைவரிசையைத் திருப்பி
ஒவ்வொன்றிடமும் கேட்கும்: எவ்வளவு தூரம்?
நிலையம் சட்டென்று வாய் திறக்காது.
ஐம்பது மைக்ரோவிநாடி பொறுத்துத்தான் சொல்லும்,
கேட்டதும் சொன்னால் மதிப்புக் குறையும் என்பதுபோல.
அந்தப் பிகுவைக் கழித்துவிட்டு
ஒரு வட்டம் போடும். இன்னொரு வட்டம்.
இரண்டும் வெட்டுமிடத்தில் விமானம்.

வட்டங்களோ வெட்டுவது இரண்டு இடங்களில்.
ஒன்று சிலிக்குள். ஒன்று இங்கே.
எது நான் என்று தெரிய
ஏற்கெனவே கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.
(இதற்குப் பதினான்கு வரி எழுதியிருக்கிறேன்.
ஒன்பதாவதன் ஓரத்தில், விடிகாலை மூன்று மணிக்கு,
"கடவுளே" என்றொரு குறிப்பு.)

உண்மையில் இதில் வானொலி ஏது?
விமானம் எங்கே என்று
மேசைமேலிருக்கும் பெட்டிக்கு அங்குலம் பிசகாமல் தெரியும்.
தெரிந்ததை அதனிடமிருந்தே ஒளிப்பதுதான் என் வேலை.
பொய்த் தயக்கம். பொய் இரைச்சல்.
காதில் மாட்டினால்
ஒரு நெடில், இரண்டு குறில்,
மூச்சு விட்டு மூன்று நெடில் என்று
தன் பெயரைத் தானே சொல்லிக்கொண்டிருக்கும்
இல்லாத கோபுரம்.

நேற்றிரவு எவரிஸ்தோ எழுதினார்:
"உங்கள் விமானத்துக்குப் பாம்புச் செவி.
எட்டாயிரம் அடி ஏறுமுன்னே
அந்தப் பக்கத்து நிலையத்தோடு பேசுகிறது.
என் பேருந்து வானொலி மூன்றாம் வளைவிலேயே செத்துப்போகும்.
நடுவில் ஒரு மலை இருக்கிறது, அம்மணி."

இருக்கிறது.
துணி காயப்போடும்போதெல்லாம் பார்க்கிற மலை.
அதை மறந்து
உலகம் மொத்தத்தையும் தட்டையாய் எழுதி வைத்திருந்தேன்.

இரவெல்லாம் மலை ஏற்றினேன்,
சிகரம் சிகரமாக, எண்ணாக.
நிலையத்திலிருந்து விமானத்துக்கு ஒரு நேர்கோடு;
பாறை குறுக்கிட்டால் பதில் கிடையாது.
விடியலில் ஓட்டிப் பார்த்தேன்.
கணினி ஒரு நிலையத்தைத் திருப்பியது. மௌனம்.
இன்னொன்று. மௌனம்.
பிறகு தேடுவதை விட்டுவிட்டு
கடைசியாகத் தெரிந்த இடம், வேகம், திசை
மூன்றையும் பிடித்துக்கொண்டு
கண்ணை மூடி நடந்தது.
பதினோரு நிமிடம்.
உச்சி தாண்டிக் குரல் கிடைத்ததும்
நானூறு மீட்டர் தள்ளி உட்கார்ந்தது,
தப்பான வரிசையில் அமர்ந்துவிட்டவர்
மெல்ல எழுந்து மாறுவதுபோல.

வியாழக்கிழமை கணவாய் திறந்தது.
"கிளம்புகிறேன்," என்று ஒரு சொல். எட்டு இருபது.
அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

முகம் பார்த்ததில்லை, அவர் எனக்கு யாருமில்லை.
ஆனாலும் மாத்தே ஆறிப்போக, கணக்குப் போடுகிறேன்:
எட்டு இருபது, உஸ்பஷாதா,
மணிக்கு நாற்பது, மேற்கே.
சங்கிலியோடு என்றால் முப்பது.
லாரிகள் முன்னால் இருந்தால் அதுவுமில்லை.
ஒன்பதரைக்கு ஓர் இடத்தில் வைத்தேன்.
பத்துக்கு அழித்து, கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

கொல்லையில் துணி விறைத்துத் தொங்குகிறது.
அதற்குப் பின்னால்
நான் சேர்த்ததைவிடக் கொஞ்சம் பெரிதாய் நிற்கிறது.