ஐந்து பிரதி

சட்டம் பழசு, வெள்ளைக்காரன் போட்டது.
இந்தத் தீவில் எந்த நூல் அச்சேறினாலும்
அடித்தவன் கொழும்புக்கு ஐந்து பிரதி
இலவசமாக அனுப்ப வேண்டும்.

ஏகாம்பரம் வீதியில், இரும்புக்கடைக்கு மேல்மாடியில்,
கோணலிங்கத்தாரின் அச்சகம்.
படிவம் நிரப்புவது என் வேலை:
தலைப்பு, ஆக்கியோன், பக்கம், விலை.
மற்ற நேரம் நான் வெண்பாக்காரன்.
செத்தவர்க்குத் திதி வெண்பா,
நாலடிக்கு முந்நூறு ரூபா,
தனிச்சொல் இலவசம்.

எங்களுக்குக் கல்வெட்டு என்றால் கல் அல்ல.
முப்பத்தோராம் நாள் பந்தி முடிய
வெற்றிலைத் தட்டோடு கைக்கு வருகிற
பதினாறு பக்கம்.
படம், தேவாரம், வம்சாவழி, நன்றி நவிலல்.
இதற்கும் ஐந்து பிரதியா என்று சிரிப்பார்கள்.
கோணலிங்கத்தார் சிரிக்கமாட்டார்.
"மை பட்டா அது புத்தகம்."
சண்டைக் காலத்திலும் அனுப்பினார்.
சோதனைச்சாவடியில் பொதியை அவிழ்த்து
தமிழ் தெரியாத ஒரு பெடியன்
படங்களை மட்டும் பார்த்துவிட்டு
திரும்பக் கட்டத் தெரியாமல் நின்றானாம்.

சல்லியிலிருந்து யோகம்மா வந்தது ஆடிக் காற்றில்.
கணவர் இரத்தினவடிவேல்.
சீனன்குடா மா ஆலையில் இரவு வேலை.
தொண்ணூறில் சைக்கிளில் போனார்.
சைக்கிள் பாலையூற்றில் நின்றது,
ஒழுங்காக ஸ்டாண்ட் போட்டு.
கனடாத் தம்பி இப்போது காசு அனுப்பியிருக்கிறார்,
அண்ணைக்கு ஒரு கல்வெட்டு அடிக்கட்டாம்.

"எல்லாம் போடுங்கோ" என்றா.
"பிறந்தது, படிச்சது, பந்தடிச்சுக் கால் முறிஞ்சது.
திதி மட்டும் போடாதையுங்கோ."

இரவிரவாக இருந்து பார்த்தேன்.
ஆண்டு உண்டு. மாதம் ஆனி.
வளர்பிறையா, தேய்பிறையா?
தளை தட்டினால் சீரை மாற்றலாம்,
சீர் போதாவிட்டால் அசை கூட்டலாம்.
இதற்கு யாப்பில் வழி இல்லை.
மூன்றாம் பக்கத்தில்
பூங்கொடி ஓடுகிற சட்டம் ஒன்று வைத்தேன்,
உள்ளே வெள்ளை.
அந்த வெண்பாவுக்குக் காசு வாங்கவில்லை
என்று சொல்ல ஆசைதான்.
பாதி வாங்கினேன்.

நூறு பிரதி. ஐந்து கொழும்புக்கு.
விலை என்ற இடத்தில் ஒரு கோடு.

இரண்டு மாதம் கழித்துப் பழுப்பு உறை.
"தங்கள் பிரசுரத்தின் மூன்றாம் பக்கம்
ஐந்து பிரதிகளிலும் வெறுமையாக உள்ளது.
அச்சுக் குறைபாடெனில்
முழுமையான பிரதிகளை அனுப்பிவைக்கவும்."

யாரோ பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்,
ஐந்தையும்.
எத்தனை மனு, எத்தனை விசாரணை,
எத்தனை பிளாஸ்டிக் கதிரையில் எத்தனை பகல்!
அங்கேயெல்லாம் யாரும் தொடாத இடத்தை
சம்பளத்துக்குப் பக்கம் எண்ணுகிற ஒரு விரல்
தொட்டுவிட்டது.

கோணலிங்கத்தார் கடிதத்தை
மூன்று நாள் மேசையில் வைத்திருந்தார்,
அதன் மேல் தேநீர்க் கோப்பை.
நாலாம் நாள் தட்டச்சு செய்யச் சொன்னார்:
"ஐயா, குறைபாடு உண்டு.
அச்சகத்தினுடையது அல்ல.
முழுமையான பிரதி எம்மிடம் இல்லை.
தங்களிடம் இருக்குமாயின்
தயவுசெய்து அனுப்பிவைக்கவும்."

பிழை பார்க்கிறேன் என்று
நாலு தரம் வாசித்தேன்.
ஒப்பம் வைத்தார். முத்திரை ஒட்டினேன்.
கீழே இரும்புக்கடையில்
தகரம் வெட்டிக்கொண்டிருந்தார்கள்.

பதில் இல்லை.
மாசியில் பற்றுச்சீட்டு மட்டும் வந்தது,
ஒரு நீண்ட இலக்கத்தோடு.

யோகம்மா அதை வாங்கி
வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தா.
"அங்க எப்பிடி வச்சிருப்பினம்?"
அலுமாரியில், வரிசையாக, என்றேன்.
"ஏசி போட்ட அறையோ?"
ஓம் என்றேன், தெரியாமலே.

சீட்டை நாலாக மடித்தா. பிறகு எட்டாக.
"அவருக்குக் குளிர் ஒத்துவராது."